பீரோவில் இருந்த எஞ்சின் ஆயில்

1

2025 ஜூலை 17, வியாழக்கிழமை. ஆடி மாதம் முதல் நாள். காரைக்குடி.

காலை 3.10க்கு விழிப்பு வந்தது. ஊருக்கு வந்து இது மூன்றாவது நாள். உடம்பு இன்னும் ஆக்லாந்து நேரத்திலேயே இருக்கிறது. அங்கே அப்போது மணி 9.40, ஆய்வுக்கூடத்தில் இரண்டாவது தட்டு ரத்தக் குப்பிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருப்பேன். 4.30 வரை கண்ணை மூடிப் படுத்திருந்தேன். 5.15க்குத் தம்பி மனைவி விஜயா காப்பி கொடுத்தாள். 5.40க்கு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். 158க்கு 94. நேற்றுக் காலை 154க்கு 92. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

6.30க்குத் தம்பி முருகேசன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். புதுவயலில் ஓர் அரிசி மில்லில் மேற்பார்வை பார்க்கிறான். அவனிடம் கார்ச் சாவியைக் கேட்டேன்.

"எதுக்குக்கா?"

"ஆயில் ஊத்தி ஒரு வருசமாச்சுல்ல. மீட்டர் எவ்வளவு காட்டுதுன்னு பாத்துட்டு மாத்திரலாம்."

"இன்னிக்கு ஆடி பொறந்துருச்சுக்கா. ஆவணில பாத்துக்கிருவோம். நீங்க ஏன் அலையுறீக?"

"ஆடியில கல்யாணம்தான்டா பண்ணக் கூடாது. ஆயில் மாத்தலாம்."

அடுப்படியில் விஜயா சிரித்தாள். முருகேசன் சிரிக்கவில்லை. நான் வெளிநாடு போவதற்கு முன்னால் அவன் என்னை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவான். பதினேழு வருடத்தில் என்னிடம் மரியாதை கூடிவிட்டது. மரியாதை கூடிய பிறகு அவன் எதையும் என் கண்ணைப் பார்த்துச் சொல்வதில்லை.

2

கார் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

2023 ஜூலையில் லீவுக்கு வந்திருந்தேன். அதற்கு முந்தைய வருடம் அம்மாவின் இதயக் குழாயில் அடைப்பு என்று மதுரையில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய்க் காட்ட வேண்டும். போக தொண்ணூறு கிலோமீட்டர், வர தொண்ணூறு. பஸ்ஸில் போய்வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். அதனால் அந்த லீவிலேயே ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கி, முருகேசன் பேரில் பதிந்து, அவனை ஓட்டுநர் பள்ளியில் சேர்த்து, லைசென்ஸ் கைக்கு வரும்வரை இருந்துவிட்டுப் போனேன். கிளம்பிய அன்று மீட்டரில் 1,187.

ஆக்லாந்தில் ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் மெக்கானிக் காரின் முன்கண்ணாடி மூலையில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டுவார். அடுத்த மாற்றம் எத்தனை கிலோமீட்டரில், எந்தத் தேதியில் என்று இரண்டும் அதில் இருக்கும். எது முதலில் வருகிறதோ, அப்போது மாற்ற வேண்டும். அங்கே என் காரைச் சிந்தெடிக் ஆயிலுக்கு மாற்றி ஐந்து வருடமாகிறது. சாதா ஆயில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. சிந்தெடிக் ஆலையில் ஒரே சீராகத் தயாரிப்பது. சூட்டில் சீக்கிரம் கெடாது, குளிரில் கெட்டியாகாது. புது எஞ்சின்களின் நுண்ணிய பாதைகளில் இது சட்டென்று ஏறிவிடும். அடிக்கடி மாற்ற வேண்டியதும் இல்லை.

இந்த அடிக்கடி வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. தூரத்தில் இருப்பவளுக்கு ஒரு தடவை செய்தால் ஒரு வருடம் தாங்கும் காரியங்கள்மேல் ஒரு மோகம் வந்துவிடுகிறது. போன ஜூலையில் காருடைய கையேட்டைப் பார்த்து, அதில் போட்டிருந்த 5W-30 தரத்தில் நான்கு லிட்டர் சிந்தெடிக் ஆயில் கேன் ஒன்றை ஆக்லாந்திலிருந்தே இணையத்தில் வாங்கிக் காரைக்குடி வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன்.

"ஊத்தியாச்சுக்கா. வண்டி வெண்ணெ மாதிரி போகுது" என்றான் முருகேசன்.

நோட்டில் டிக் போட்டேன். அம்மாவின் மதுரைப் பயணங்களுக்கும் அதே பக்கத்தில் டிக் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒன்று, மொத்தம் பதினொன்று. "போயிட்டு வந்தாச்சு. டாக்டர் நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள்.

3

கார் வீட்டின் பக்கவாட்டில் நிற்கிறது. வெள்ளி நிறத் துணி உறை. உறை பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் முருகேசன் செங்கல் கட்டித் தொங்கவிட்டிருந்தான். முடிச்சை அவிழ்க்க ஆறு நிமிடம் பிடித்தது.

உள்ளே புது வாசனை அடித்தது. இரண்டு வருடக் காரில் அது அடிக்கக் கூடாது. சீட்டுகள் எல்லாவற்றிலும் கம்பெனியில் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன. சாவியைத் திருப்பினேன்.

1,604.

முதலில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பிறகு மறுபடி பார்த்தேன். நோட்டை எடுத்துக் கழித்தேன். 1,604இல் 1,187 போக 417. பதினொரு மதுரைப் பயணத்துக்கே 1,980 வர வேண்டும்.

மீட்டர் கெட்டிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதும்போது அது எனக்கே சங்கடமாக இருக்கிறது. தம்பி பொய் சொன்னான் என்பதைவிட இயந்திரம் கெட்டுப்போனது என்று நம்புவது சுலபமாக இருந்தது.

"முருகேசா, இங்கிட்டு வா."

வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். நோட்டை அவனிடம் காட்டினேன்.

"இந்த நானூத்திப் பதினேழுல மதுரை எத்தன தடவ?"

"ஒரு தடவக்கா."

"மிச்சம்?"

"சிங்கம்புணரியில ஒரு கல்யாணம். அது போக வர தொண்ணூறு. மத்தது கோயிலு, பெட்ரோல் பங்குன்னு."

அதற்குள் விஜயா குறுக்கிட்டாள். கையில் கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்றாள்.

"இன்னும் என்னங்க மென்னு முழுங்குறீக? மதினி, நானே சொல்றேன். இந்தக் காரை நாங்க ஓட்ட வச்சுருக்கல. கும்புட வச்சுருக்கோம். வெள்ளிக்கிழமையானா கழுவி, பொட்டு வச்சு, சூடம் காட்டி, அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணிட்டு அணைச்சுருவாக. பொறவு உறைய மாட்டிருவாக. எனக்குக்கூட இந்த வீட்டுல வாரம் ஒரு தடவ பூப் போட ஆளில்ல."

"ஏன்டா?"

"ஒரு கோடு விழுந்துருச்சுன்னா உங்க மூஞ்சில எப்புடி முழிப்பேன்? அக்கா காரை ஓட்டித் தேச்சுட்டான்னு ஊருல பேச மாட்டாகளா?"

"உன் பேருலதானடா பதிஞ்சுருக்கு."

"பேரு என்னுதுதான்" என்றான்.

அம்மா மதுரைக்கு பஸ்ஸில் மூன்று தடவை போனாளாம். மூன்றாம் தடவை மேலூரில் இறங்கி வாந்தி எடுத்திருக்கிறாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மருத்துவமனைக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். டாக்டர் கடைசியாக எழுதியது 2024 மார்ச். அதன் பிறகு பதினாறு மாதம் வெறும் தாள்.

4

"ஆயிலு?" என்று கேட்டேன்.

முருகேசன் அம்மாவைப் பார்த்தான். அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள்.

கீழ்த்தட்டில் இருந்தது அந்தக் கேன். சீல் உடைக்கவில்லை. பட்டுச்சேலைகளுக்குப் பக்கத்தில், ஒரு துண்டின்மேல் உட்கார்த்தி வைத்திருந்தாள். அந்தத் துண்டும் நான் கொடுத்ததுதான். அதற்கு மேல் தட்டில் 2015இல் வாங்கிவந்த சென்ட், 2018இன் சோப்புக் கட்டிகள், டார்ச் லைட், இரண்டு டப்பா சாக்லேட், ஒரு கம்பளிப் போர்வை. எல்லாம் அட்டைப்பெட்டியோடு. பதினேழு வருடத்து லீவுகளும் வரிசையாக அடுக்கியிருந்தன. என் நோட்டைவிட ஒழுங்காக.

"வெல கூடுன ஆயிலுன்னு சொன்ன. அதை ஓடாத வண்டிக்கு ஊத்துவாகளா? அதான் பத்திரமா வச்சேன்" என்றாள் அம்மா.

"காரு உங்களுக்கு வாங்குனதும்மா. உங்க நெஞ்சுக்கு வாங்குனது."

"தெரியும்த்தா. நீ வந்து ஏறுறப்ப புது வாசம் அடிக்கணும்ல? தெருவுல எல்லாரும் பாக்குறாக. எம் மக வாங்குன காரு இன்னும் புதுசாவே இருக்குன்னு சொல்றாக."

கோபப்பட நினைத்தேன். காலை 3.10க்கு எழுந்தவளுக்கு மணி 8.20க்கு அவ்வளவு தெம்பு இல்லை.

கோபத்துக்குப் பதிலாகப் போனை எடுத்தேன். கார் கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் முன்பதிவு செய்ய ஓ.டி.பி. எண் ஒன்று அனுப்புவார்களாம். அது போகும் கைப்பேசி எண் 2023இல் நான் கொடுத்தது. ரீசார்ஜ் செய்யாததால் அந்த எண் செத்து ஒன்றரை வருடம் ஆகிறது. எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பழைய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டும் என்றது ஒரு பெண் குரல். இப்படிப்பட்ட குரல்களோடு இரண்டு நாட்டிலும் பேசிப் பழகிவிட்டேன். வண்டியை நேரில் கொண்டு வந்தால் ஆறு நாள் கழித்து இடம் இருக்கிறது என்றார்கள்.

மதுரை மருத்துவமனையில், ஒரு வருடத்துக்கு மேல் வராததால் பழைய பதிவு போய்விட்டது, புதிதாகப் பதிய வேண்டும், நாளை காலை 9 மணிக்குள் வந்தால் டாக்டரைப் பார்க்கலாம், விட்டால் அடுத்த வெள்ளி என்றார்கள்.

"நாளைக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"வாடகைக் காரு பேசிரவாக்கா?" என்றான் முருகேசன்.

"வேணாம். நீ ஓட்டுற. நான் மூணு வாரத்துல போயிருவேன். அடுத்த தடவ யாரு ஓட்டுவா?"

அவன் போனை எடுத்து மில்லுக்கு லீவு சொன்னான். பிறகு புதுவயலில் மில் லாரிகளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் சோலையைக் கூப்பிட்டான்.

5

பகல் 12.30க்கு மகள் யாழினி பேசினாள். பதினேழு வயது. ஆக்லாந்தில் மாலை ஏழு மணி. இந்த முறை அவள் வரவில்லை. பள்ளி திறந்துவிட்டது, சனிக்கிழமை ஒரு கடையில் வேலை, கார் ஓட்டும் தேர்வு வேறு. காரணங்கள் எல்லாம் சரியானவை. போன லீவிலும் சரியான காரணங்கள்தான் இருந்தன.

விஷயத்தைச் சொன்னேன். "உங்க அம்மா ஏன் உங்கள்ட்ட பொய் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

என் அம்மாவை அம்மாச்சி என்று சொல்வாள், முன்பெல்லாம். நான் திருத்தவில்லை. கேள்விதான் உள்ளே நின்றது. ஏனென்றால் அவள் அடுத்துச் சொன்னது இது: "ஆனா நீங்களும் ஆபரேஷன் பத்திச் சொல்லலையே."

போன அக்டோபரில் எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. முதல் ஞாயிறு மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே ஊருக்குப் பேசினேன். கேமரா கெட்டுவிட்டது என்று சொன்னேன். "நல்லாருக்கேன், வேலைதான் அதிகம்" என்றேன். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

6

சோலை 4.15க்கு வந்தார். அறுபது வயதிருக்கும். கூடையில் ஸ்பேனர்கள், காரைக்குடியில் வாங்கிய புது ஆயில் ஃபில்டர், ஒரு பழைய எண்ணெய்ச் சட்டி.

"வாங்காத்தா, எப்ப வந்தீக? இதுதான் முருகேசன் சாமியா வச்சுக் கும்புடுற வண்டியா?"

முருகேசன் காது சிவந்துவிட்டது. எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்து, அடியில் சட்டியை வைத்து நட்டைக் கழற்றினார் சோலை. பழைய ஆயில் இறங்கியது. இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"பெட்ரோல் வாசம் வருது பாத்தீகளா? வாரத்துக்கு அஞ்சு நிமிசம் ஓட்டுனா எஞ்சின் சூடே ஏறாது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயில்லயே தங்கிப்போகும். எல்லாரும் ஓடி ஓடி வண்டியக் கெடுப்பாக. இவன் நிறுத்தி வச்சுக் கெடுத்துருக்கான்."

"கெட்டுருச்சாண்ணே?" முருகேசன் குரல் இறங்கிவிட்டது.

"எஞ்சின் தப்பிச்சுச்சு. இன்னும் ரெண்டு வருசம் கும்புட்டுருந்தீன்னா செலைதான்."

ஃபில்டரை மாற்றினார். பிறகு என் கேனின் சீலை உடைத்து மூடியில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னாத்தா இது, தீர்த்தம் கணக்கா இருக்கு? நம்ம ஊரு வெயிலுக்கு இது நிக்காது. எங்கிட்ட லாரி ஆயிலு நல்லாக் கெட்டியா இருக்கு. பாதிக்குப் பாதி கலந்துருவோம்."

"வேணாம்ண்ணே. லாரி எஞ்சின் வேற. இதுக்குள்ள வழியெல்லாம் ரொம்பச் சின்னது. கெட்டியா ஊத்துனா மேல ஏற நேரமாகும். சூடானப்புறம் இது போதுமான அளவுக்கு நிக்கும்."

"பழகுன ஆயில விட்டு மாத்துனா ஒழுகும்பாகளே?"

"அது பழைய வண்டிக்குச் சொன்னதுண்ணே. இது ரெண்டு வருச வண்டி." கையேட்டைத் திறந்து காட்டினேன். அவர் படிக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டினார்.

"சரி, நீங்க படிச்சவுக. ஒழுகுனா என்னயக் கூப்புடாதீக. ஒழுகலேன்னாலும் கூப்புடுங்க, டீ குடிக்க வாரேன்."

ஊற்றும்போது புனலை முருகேசன் பிடித்துக்கொண்டான். மூன்று லிட்டர் போனதும் நிறுத்தச் சொன்னேன். இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து அளவுக் கம்பியை உருவிப் பார்த்தோம். இன்னும் முந்நூறு மில்லி தேவைப்பட்டது. கேனில் மிச்சம் எழுநூறு. அம்மா அதை வாங்கி மூடியைத் திருகி பீரோவை நோக்கி நடந்தாள்.

"அம்மா."

திரும்பி வந்து கேனைக் காரின் பின்பெட்டியில் வைத்தாள்.

5.30க்கு முருகேசன் ஓட்டப் புதுவயல் வரை போய்த் திரும்பினோம். நெல் லாரி ஒன்று எதிரில் வந்தபோது காரையே நிறுத்திவிட்டான். அது போன பிறகும் பத்து வினாடி நின்றோம். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மீட்டர் 1,631. குனிந்து பார்த்தோம். அடியில் ஒழுகவில்லை.

விஜயா கத்தரிக்கோல் கொண்டுவந்தாள், சீட்டுப் பிளாஸ்டிக்கை எடுக்க. அம்மா நீண்ட நேரம் வாதாடினாள். கடைசியில் பின் சீட்டுக்கு மட்டும் சம்மதித்தாள். முன் சீட்டுகள் அப்படியே இருக்கட்டுமாம். பின் சீட்டில் அம்மாவும் நானும் உட்கார்ந்து பிளாஸ்டிக்கை உரித்தோம். அப்போதுதான் அக்டோபர் ஆபரேஷனைச் சொன்னேன்.

அம்மா கை நிற்கவில்லை.

"நெனச்சேன். அன்னிக்கு உங் குரலு படுத்துக்கிட்டுப் பேசுற மாதிரி இருந்துச்சு."

"கேட்டுருக்கலாம்லம்மா?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஒரு வெள்ளைத் தாளைச் சிறு சதுரமாக வெட்டினேன். அதில் முருகேசனையே எழுதச் சொன்னேன்: அடுத்த ஆயில் 11,631 கிலோமீட்டர் அல்லது 2026 ஜூலை 17. எது முதலில் வருகிறதோ. அதைக் கண்ணாடியின் மூலையில் ஒட்டினோம். இந்த வீட்டில் கிலோமீட்டர் முதலில் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனேன்.

இரவு 8 மணிக்கு ரத்த அழுத்தம் 156க்கு 92. 8.40க்குப் படுத்தேன்.

7

ஜூலை 18. ஆடி முதல் வெள்ளி.

காலை 5.25க்கு அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் குறையவில்லை. நிறமும் மாறவில்லை. மருத்துவமனைக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பின் சீட்டில் ஏறினாள். நான் முன்னால், பிளாஸ்டிக்கின்மேல். வெள்ளிக்கிழமை ஆதலால் விஜயா எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டினாள். முருகேசன் ஸ்டார்ட் செய்தான். தொட்டுக் கும்பிட்டான். சூடம் அணைந்ததும் அவன் கை தன்னாலே சாவிக்குப் போனது. நூறு வெள்ளிக்கிழமை பழகிய கை.

"அணைக்காதடா" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "போ."